கிணற்றுக்காக ஒரு பழி

லேபுக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதல் நாளே சொல்லிவிடுவேன்: தப்புச் செய்தால் அக்காவிடம் போய் மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதீர்கள். பேசாமல் இருந்துவிடலாம், ஏதாவது சால்ஜாப்பு சொல்லலாம், தலைவலி என்று லீவு போட்டுவிட்டு மறுநாள் ஒன்றும் தெரியாத மாதிரி வரலாம். 'சாரிக்கா' என்று வாயைத் திறந்தால் போச்சு. கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, "அதை வைச்சு நான் என்ன செய்ய?" என்று கேட்பாள். கேட்டுவிட்டுப் பதிலுக்காக வேறு காத்து நிற்பாள். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த ஆள் எவரையும் நான் பார்த்ததில்லை.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு செருப்புக் கடைக்கு மாடியில் எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் இருந்தது. சேலையூர், மாடம்பாக்கம், மேடவாக்கம் என்று சுற்றுவட்டாரத்து அப்பார்ட்மெண்ட்காரர்கள் போர்வெல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு படியேறி வருவார்கள். குடிக்கலாமா, கூடாதா என்று நாங்கள் சோதித்துச் சொல்ல வேண்டும். அக்காதான் மூத்த கெமிஸ்ட். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிற அதிகாரம் அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது. நான் அவளுக்கு அடுத்த மேஜை. பம்மலில் பிறந்து வளர்ந்தவள், வாய் கொஞ்சம் நீளம். கோபம் வந்தால் செருப்புக் கடை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துவேன், சாப்பாட்டு வேளைக்குள் மறந்துவிட்டு அதே ஆளிடம் ஊறுகாய் கேட்பேன். அக்கா அப்படி இல்லை. அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே கிடையாது, அவள் எதையும் மறந்தும் பார்த்தது கிடையாது.

பம்மலில் எங்கள் பக்கத்துத் தெருவில்தான் அவள் குடியிருந்தாள். அங்கே ஒருவன் கேன் தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தான். சுத்திகரித்தது என்று ஸ்டிக்கர் ஒட்டி, வெறும் போர் தண்ணீரையே நிரப்பிக் கொடுத்துவந்தான். எங்கள் ஏரியாவில் தோல் பதனிடும் ஷெட்டுகள் இருந்த காலத்துக் குரோமியம் இன்னும் நிலத்தடியில் கிடக்கிறது. கிணற்றுத் தண்ணீர் மஞ்சள் பூத்து வந்ததை நானே சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அக்கா அவன் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து சோதித்தாள், குரோமியம் வந்தது. போலீஸுக்குப் போகவில்லை, அவனிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து போய் வீடு வீடாகக் கதவைத் தட்டிச் சொன்னாள். ஒரு வாரத்தில் அவன் வியாபாரம் படுத்துவிட்டது.

ஒரு நாள் அவன் லேபுக்கே வந்துவிட்டான். "இன்னாமா நீ, வூடு வூடா போய் சொல்லிகினு கீற? என் பொழப்புல ஏன்மா மண்ண போடுற? தெரியாம பண்ணிட்டேன், வுட்டுடு" என்றான். கையெடுத்துக் கும்பிடவும் செய்தான். எனக்கே பாவமாக இருந்தது. அக்கா அவனுக்கு நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, அவன் குடித்து முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அப்புறம், "இனி எங்க போடப் போறியள்?" என்று கேட்டாள். அந்த மடையன் அனகாபுத்தூர் என்று சொல்லிவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோ பிடித்து அனகாபுத்தூர் போய் அங்கேயும் வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

அவள் பேச்சைக் கேட்டாலே தெரிந்துவிடும், அக்கா இலங்கைக்காரி. சண்டைக் காலத்தில் பள்ளிக்கூடச் சட்டையோடு படகேறி வந்தவள். அகதி முகாமில் இருந்து படித்து, இங்கே தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கெமிஸ்ட்ரி முடித்தாள். அம்மாவும் தங்கச்சியும் அங்கேயே தங்கிவிட்டார்கள். அம்மா பிறகு இறந்துவிட்டாள். ராணுவம் பிடித்து வைத்திருந்த ஊர் நிலத்தைப் பல வருஷம் கழித்துத் திருப்பிக் கொடுத்தபோது தங்கச்சி புருஷன், பிள்ளைகளோடு போய் அதே வளவில், அதாவது பழைய வீட்டு மனையில், குடியேறினாள். இதையெல்லாம் அக்கா உட்கார்ந்து கதையாகச் சொன்னதில்லை. எப்போதோ ஒன்று, எதற்கோ எரிச்சல் வந்தபோது ஒன்று என்று உதிர்ந்ததை நான்தான் பொறுக்கிச் சேர்த்தேன்.

சண்டையில் செத்தவர்களைப் பற்றி அவள் அதிகம் பேச மாட்டாள். "அதைக் கதைக்கிறதுக்கு ஆக்கள் இருக்கினம்" என்பாள். அவள் பேசுவதெல்லாம் மண்ணைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும்தான். குண்டு வெடித்து முடிந்ததும் சனங்கள் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள், ஈயம் போகாது, வெடிமருந்து கரைந்து கீழே இறங்கும், எரிந்த எண்ணெய் மழைக்கு மழை நகரும் என்பாள். அங்கே போய்வருகிற யாராக இருந்தாலும், கோயிலுக்குப் போகிறவர், கல்யாணத்துக்குப் போகிறவர், அவர்களிடம் ஒரு வெறும் பாட்டிலைக் கொடுத்தனுப்புவாள். எந்த இடம், எவ்வளவு ஆழத்தில் தோண்ட வேண்டும் என்று பாடம் எடுத்துத்தான் அனுப்புவாள். ஞாயிற்றுக்கிழமை லேபில் ஆள் இல்லாத பகலில் வந்து அந்த மண்ணைச் சோதிப்பாள். வேறு வேறு நாட்டில் இதே மாதிரி சண்டை நடந்த நிலத்தை ஆராய்கிறவர்களோடு கம்ப்யூட்டரில் எழுதிக்கொள்வாள். ஒரு தடவை நான், "உன் ஆராய்ச்சி எந்த அளவுல கீதுக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆராய்ச்சி எண்டு சொல்லாத, பிள்ளை. இது வழக்கு" என்றாள்.

"யாரு மேல வழக்கு? எந்தப் பக்கத்து ஆளுங்க மேல?"

"ரெண்டு பக்கமும் மாறி மாறி எங்கட வளவுக்குப் பக்கத்தில வெடிமருந்து வைச்சிருந்தவை. ஒரு நாள் அது முழுக்க எரிஞ்சது. பேந்து சண்டை முடிய, துப்புரவாக்குறம் எண்டு வந்த கொந்தராத்துக்காரன் மிச்சத்தையும் பழைய லொறி பெற்றறியளையும் எண்ணெய்ப் பீப்பாயையும் குழி வெட்டித் தாட்டுப்போட்டுப் போனவன். எங்கட கிணத்தில இருந்து கூப்பிடு தூரம். எனக்கு எல்லாரும் வேணும். ஒருத்தரையும் விடுறதாயில்லை."

சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்து புளிச்சாதம் சாப்பிட்டாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் பாக்கெட் சார் வந்து மாட்டினார். அந்தப் பேர் நான் வைத்தது. உடம்பு முழுக்கப் பாக்கெட் வைத்த கையில்லாத ஒரு காக்கிக் கோட்டை வெயில் காலத்திலும் கழற்ற மாட்டார். சுற்றுச்சூழல் ஆலோசகர். கம்பெனிகளுக்கு, அரசாங்கத் திட்டங்களுக்கு, வெளிநாட்டு நன்கொடை அமைப்புகளுக்கெல்லாம் மண் நல்லது, தண்ணீர் நல்லது என்று அறிக்கை எழுதிக் கொடுப்பது அவர் தொழில். எங்கள் லேபுக்கு அவர் பெரிய வாடிக்கையாளர். வந்தால் முதலாளியே எழுந்து நின்று ஏ.சி.யைக் கூட்டுவார்.

அக்கா பேச்சைக் கேட்டு எந்த ஊர் என்று விசாரித்தார். அவளும் சொன்னாள். "அட, என்ன கோ-இன்சிடென்ஸ் மேடம்! அந்த ஏரியாவுக்குத்தான் நாங்க போறோம். வார் அஃபெக்டட் லேண்ட், கிணறெல்லாம் செக் பண்ணி, மக்கள் திரும்ப குடியேறலாமான்னு ரிப்போர்ட் குடுக்கணும். ஃபாரின் ஃபண்டிங். உங்க ஊரும் லிஸ்ட்ல இருக்கு" என்றார்.

அக்கா முகம் அப்படி மலர்ந்து நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. யாருக்கும் எதையும் சொல்லாதவள் அவரை உட்காரவைத்துக் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாள். இது கோயில், இது எங்கட வளவு, இது கிணறு, இதில குழி வெட்டித் தாட்டவன் என்று. தங்கச்சி பேரைச் சொன்னாள். அப்பா பேரைச் சொன்னால் ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்றும் சொன்னாள். "அந்தக் கிணத்தை மட்டும் வடிவாப் பாருங்கோ சேர்" என்று கெஞ்சினாள். ஆமாம், கெஞ்சத்தான் செய்தாள்.

அதற்கப்புறம் அவர் எப்போதும்போல வந்துபோனார், பாட்டில்களைக் கொடுத்துவிட்டுப் போனார். பாட்டிலில் ஊர் பேர் இருக்காது, நம்பர் மட்டும்தான். சோதிக்கிறவர்களுக்கு எந்த இடத்துத் தண்ணீர் என்று தெரியக்கூடாது, அதுதான் முறை. அக்கா கேட்டதற்கு, "உங்க ஊர் சாம்பிள்ஸ் இன்னும் எடுக்கல மேடம், அது வேற லேபுக்குப் போகும்" என்று சொல்லிவிட்டார்.

மாசங்கள் போயின. ஒரு நாள் மத்தியானம் தங்கச்சி போன் பண்ணினாள். அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்களால எங்களுக்கு எவ்வளவு பெருமை தெரியுமோ? கிணறு நல்லதெண்டு நீங்கள்தானாமே சோதிச்சுச் சொன்னது. அந்த சேர் ஊர்க் கூட்டத்தில உங்கட பேரைச் சொல்லித்தான் அறிவிச்சவர். உங்கட ஊர்ப் பிள்ளையே கையெழுத்து வைச்சிருக்குது, இனி என்ன பயம் எண்டு. எங்கட பள்ளிக்கூட மாஸ்டரே முதல் வாளி அள்ளிக் குடிச்சவர். எட்டு மாசமா எல்லாரும் அதைத்தான் குடிக்கிறம்."

அக்கா ஒரு கையில் கையுறையோடு அப்படியே நின்றாள். "நான் சோதிக்கேல்லையே" என்றாள் மெதுவாக. அப்புறம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள். அவர் என்றைக்கு வந்தார், கிணற்றில் எப்படி அள்ளினார், யார் கூட நின்றார்கள் என்று. தங்கச்சி பாவம், சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனாள். வெளிநாட்டுக் காசில் பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஊரே திரண்டு கிணற்றைச் சுத்தம் செய்தார்களாம். மோட்டர் போட்டுத் தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டி, சுவரைத் தேய்த்துக் கழுவி, கட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, ஊறி வந்த கொஞ்சத் தண்ணீரில் ஒரு வாளி பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, பக்கத்தில் கோலமும் போட்டார்களாம். வருகிறவர்கள் முகம் சுளிக்கக்கூடாது அல்லவா? மறுநாள் காலை பாக்கெட் சார் வந்து அந்தத் தண்ணீரைத்தான் பிடித்துக்கொண்டு போனார்.

தண்ணீர் வேலை செய்கிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. இறைத்துக் கழுவிப் பவுடர் போட்ட கிணற்றில் சாம்பிள் எடுக்கக்கூடாது. தண்ணீர் தானாக ஊறி, பழைய நிலைக்கு வந்தபிறகுதான் எடுக்க வேண்டும். அது ஊர்க்காரர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. அவர்கள் விருந்தாளி வருகிறான் என்று வாசல் பெருக்கினார்கள். இத்தனை வருஷம் இதே தொழிலில் சோறு தின்கிற ஆளுக்குமா தெரியாது?

அக்கா தங்கச்சியை இன்னொரு தடவை தண்ணீர் அள்ளி அனுப்பச் சொன்னாள். கிணற்றின் அடிமண்ணையும் கேட்டாள். யாரோ ஒரு புண்ணியவான் விமானத்தில் கொண்டுவந்து கொடுத்தான். சோதித்தபோது ஈயம் வந்தது, நைட்ரேட் வந்தது. எங்களிடம் வசதி இல்லாத ஒன்றை வேறு இடத்தில் கொடுத்துப் பார்த்ததில் வெடிமருந்தின் எச்சமும் வந்தது. முடிவுகளைப் பார்த்துவிட்டு அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

குடிக்காதீர்கள் என்று உடனே போனில் சொன்னாள். தங்கச்சி நிறுத்தினாள். ஊர் நிறுத்தவில்லை. நிறுத்தவும் முடியாது. கிணறு நல்லது என்று அறிக்கை வந்த கையோடு, அதுவரை ஊருக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரியை நிறுத்திவிட்டார்கள். அதை அங்கே பவுசர் என்பார்களாம். அறிக்கையை ரத்து செய்தால்தான் பவுசர் மறுபடி வரும். மாஸ்டரே போனில் வந்து, "நீர்தானே பிள்ளை நல்லதெண்டு சொன்னனீர். இப்ப கூடாதெண்டுறீர். நாங்கள் எதை நம்புறது?" என்று கேட்டார்.

பணம் கொடுத்த வெளிநாட்டு அமைப்புக்கு எழுதினாள். அவர்கள் அந்தக் கடிதத்தை நேராகப் பாக்கெட் சாருக்கே அனுப்பிவைத்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே லேபுக்கு வந்தார்.

"என்ன மேடம், என்கிட்டயே நேரா கேட்டிருக்கலாமே. நீங்க ரொம்ப எமோஷனலா இருக்கீங்க, புரியுது. உங்க ஊர் இல்லையா. ஆனா ப்ராஜெக்ட் க்ளோஸ் ஆயிடுச்சு. திரும்ப சாம்பிள் எடுக்கல்லாம் பட்ஜெட் இல்ல. வீட்டு பக்கெட்டுல அள்ளி அனுப்பினதெல்லாம் சயின்ஸ் ஆகாது மேடம்."

"என்ர பேரை ஏன் சொன்னனீங்கள்?" என்று கேட்டாள் அக்கா.

"அது மக்களுக்கு ஒரு கான்ஃபிடன்ஸ் வரட்டும்னுதான்."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "யோவ், நீயெல்லாம் மனுசனா? கொழந்தைங்க குடிக்குதுயா அங்க!" என்று கத்திவிட்டேன். முதலாளி ஓடி வந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனார். திரும்பிப் பார்த்தால் அக்கா பாக்கெட் சாரை வாசல் வரை வழியனுப்பி, படியில் பார்த்து இறங்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேன்காரனுக்கு டீ வாங்கிக் கொடுத்தது எனக்கு ஞாபகம் வந்தது. இந்த ஆள் தொலைந்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கோவளத்தைத் தாண்டி ஒரு ரிசார்ட்டில் கருத்தரங்கு நடந்தது. போரால் சீரழிந்த சுற்றுச்சூழலை மீட்பது எப்படி என்பதுதான் தலைப்பு. கடல் தெரிகிற கண்ணாடி ஹாலில், குளிரக் குளிர ஏ.சி. போட்டுக்கொண்டு, பஃபே சாப்பாட்டோடு மீட்டார்கள். பாக்கெட் சார்தான் முக்கியப் பேச்சாளர். பணம் கொடுத்த அமைப்பின் பெரிய ஆட்களும் வந்திருந்தார்கள். அக்காவும் நானும் பஸ் மாறி மாறிப் போய் வியர்த்து விறுவிறுத்துக் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்.

திரையில் கிணறு வந்தது. வெள்ளைச் சுண்ணாம்பு, கோலம், சிரிக்கிற பெண்கள். அக்கா என் காதருகே, "சிவப்புச் சட்டை போட்டவள் என்ர தங்கச்சி" என்றாள். கூட்டம் கை தட்டியது. அக்காவும் தட்டினாள்.

கேள்வி நேரத்தில் மைக்கை வாங்கினாள். நான் ஏதோ வெடிக்கப் போகிறது என்று புடவை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவளோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டாள்.

"சேர், நல்ல பேச்சு. ஒண்டு மட்டும் கேக்கிறன். நீங்கள் அந்தக் கிணத்தடிக்குப் போகேக்க என்ன மணம் வந்தது?"

சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்த பாக்கெட் சாருக்கு அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். முகமெல்லாம் சிரிப்பு. "வெரி குட் கொஸ்டின் மேடம்! எல்லாரும் நினைப்பாங்க, வார் ஏரியா, கிணறெல்லாம் நாறும்னு. இல்லவே இல்ல. அந்த மக்கள் அவ்ளோ சுத்தம். முந்தின நாளே முழுக்க இறைச்சுக் கழுவி வெச்சிருந்தாங்க. ஹாஸ்பிட்டல் மாதிரி கம்முனு பிளீச்சிங் பவுடர் வாசனை. எங்க டீமே அசந்து போச்சு!"

"அந்தத் தண்ணியைத்தான் சோதனைக்கு எடுத்தனீங்களோ?"

"ஆமா, அன்னிக்குக் காலையிலேயே எடுத்துட்டோம்..." என்று சொல்லும்போதே அவருக்கு உறைத்துவிட்டது.

முன் வரிசையில் இருந்த வயதான பேராசிரியர் ஒருவர் உடம்பையே திருப்பி அக்காவைப் பார்த்தார். அந்த ஹாலில் பாதிப் பேர் தண்ணீர் வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு வேறு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதன் பிறகுதான் அக்கா தன் முடிவுகளை வாசித்தாள், ஈயம் எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு என்று. பவுசர் நின்றுபோனதைச் சொன்னாள். "நான் அந்தக் கிணத்துத் தண்ணி குடிச்சு வளந்தவள். நீங்கள் என்ர பேரைச் சொல்லி என்ர சனத்துக்கு நஞ்சு பருக்கினீங்கள்" என்றாள். அப்போதும் அவள் குரல் உயரவில்லை. நல்லா வேணும்டா உனக்கு என்று வாய்விட்டே சொன்னேன்.

ரெண்டே வாரத்தில் அறிக்கை ரத்தானது. பவுசர் மறுபடி போகத் தொடங்கியது. கிணற்றை மூடி வேலி போட்டார்கள். பாக்கெட் சாரை அந்த அமைப்பு கழற்றிவிட்டது. இத்தோடு விட்டாளா என்றால் இல்லை. அவர் இதுவரை அறிக்கை எழுதிய இடங்களையெல்லாம் தேடிப் பிடித்து ஒவ்வொருவருக்கும் எழுதினாள், மறுபடி சோதித்துப் பாருங்கள் என்று. சிலர் சோதித்தார்கள், சிலதில் ஓட்டை வந்தது. அவர் ஆபீஸைப் பூட்டினார். அவர் பெண்டாட்டி ஒரு நாள் லேபுக்கு வந்து அழுதாள். அக்கா தண்ணீர் கொடுத்து, அழுது முடிக்கிற வரை பக்கத்தில் நின்றாள், அனுப்பிவைத்தாள், மேஜைக்கு வந்து அடுத்த கடிதத்தை எழுதினாள். "போதும்க்கா, வுட்டுடு. ஆளு செத்த பாம்பு" என்றேன். எனக்கே அவளைப் பார்க்க ஒரு மாதிரி பயமாக இருந்தது.

"இன்னும் ஒராள் மிச்சம் கிடக்கு" என்றாள்.

அது யார் என்று நாலு நாள் கழித்துத் தெரிந்தது. லேபுகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிற அமைப்பிலிருந்து முதலாளிக்குப் போன் வந்தது. அக்கா தன் மேலேயே புகார் கொடுத்திருந்தாள். அந்தக் கிணற்றுத் தண்ணீர் வேறு லேபுக்குப் போகவில்லை, நம்பர் போட்ட பாட்டிலாக எங்களிடம்தான் வந்திருந்தது. தப்பான சாம்பிளை நல்லது என்று கையெழுத்துப் போட்டவள் நான், என் அதிகாரத்தைப் பிடுங்குங்கள், இனி எந்த லேபிலும் கையெழுத்துப் போடவிடாதீர்கள் என்று.

முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டார். "மேடம், ப்ளீஸ், லேபே மூடிடுவாங்க. அவன் உங்களை ஏமாத்தினான். உங்க மேல என்ன தப்பு? வாபஸ் வாங்குங்க" என்று மன்றாடினார். தங்கச்சி போனில் அழுதாள். "ஊரில ஒருத்தரும் உங்களைக் குறை சொல்லேல்ல அக்கா. எல்லாரும் உங்களை மன்னிச்சிட்டினம்" என்றாள். அக்கா, "உங்களை ஆர் மன்னிக்கச் சொன்னது?" என்று கேட்டு போனை வைத்துவிட்டாள்.

வேலையை விட்ட கடைசி நாள் தன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். நான் பின்னாடியே ஓடிப் பாதிப் படியில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். கீழே செருப்புக் கடையில் யாரோ அளவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"உனுக்குப் பைத்தியமாக்கா? அவன் பாட்டில்ல நம்பரப் போட்டுக் குடுத்தான். ஊரு பேரு கூட இல்ல. நாம சோதிச்சோம், நல்லா இருந்துச்சு, கையெழுத்துப் போட்ட. அது பவுடர் போட்ட கெணறுன்னு உனுக்கு எப்படித் தெரியும்? சொல்லு, எப்படித் தெரியும்?"

அக்கா என் கையை விலக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மூடியைத் திறந்த உடன எனக்கும் அந்த மணம் வந்தது, பிள்ளை. நல்லா வந்தது. எங்கை எடுத்த தண்ணி, ஏன் இவ்வளவு பவுடர் எண்டு அவனை ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அண்டைக்கு மேசையில நிறையப் போத்தல் கிடந்தது."

பிடித்திருந்த கையை நானே விட்டுவிட்டேன்.

"ரிப்போர்ட்டில மணம் எண்டு ஒரு கட்டம் கிடக்கெல்லோ. அதில நான் என்ன எழுதியிருப்பன் எண்டு நினைக்கிறாய்?"

எனக்குத் தெரியும். குமட்டாத எந்தத் தண்ணீர் வந்தாலும் அந்தக் கட்டத்தில் நாங்கள் எல்லோரும் யோசிக்காமல் எழுதுவது ஒரே வார்த்தைதான். ஏற்கத்தக்கது.